1975-ல் 92.1, 3 கிலோவாட்; இன்று 92.3, 11.5 கிலோவாட், சி3: ஒரே நிலையம்தானா?

அலைபிடிப்பான்:

அமெரிக்க எஃப்.எம். நிலையங்களின் பழைய பட்டியல்களை இன்றைய எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) தரவோடு ஒப்பிட்டு ஒரு எக்ஸெல் தாள் போட்டுக்கொண்டிருக்கிறேன். தெற்கு மாநிலம் ஒன்றில் ஒரு சிற்றூர், அங்கே வணிக நிலையம் ஒன்றே ஒன்று. அது மூன்று பட்டியலில் மூன்று விதமாக வருகிறது:

1975: 92.1 மெகாஹெர்ட்ஸ், 3 கிலோவாட், 300 அடி, கிளாஸ் ஏ
1992: 92.1, 6 கிலோவாட், 91 மீட்டர், கிளாஸ் ஏ
இன்று: 92.3, 11.5 கிலோவாட், 148 மீட்டர், கிளாஸ் சி3

நிலையத்தின் அழைப்புக்குறியும் (கால் சைன், அதாவது நிலையத்தின் எழுத்துப்பெயர்) மூன்றிலும் வேறு. என் சந்தேகங்கள்:

1. இது ஒரே நிலையமா, ஒன்று மூடி இன்னொன்று வந்ததா? எதை வைத்து முடிவு செய்வது?
2. சி3 என்றால் 25 கிலோவாட் வரை போகலாம் என்கிறார்கள். இவர்கள் ஏன் 11.5-ல் நின்றுவிட்டார்கள்?
3. பக்கத்து நகரத்தில் 100 கிலோவாட், 320 மீட்டரில் ஒரு நிலையம். 1990 பட்டியலில் கிளாஸ் சி, இப்போது சி0. பவரும் மாறவில்லை, உயரமும் மாறவில்லை. கிளாஸ் மட்டும் எப்படி இறங்கியது?

எட்டு ரேடியல்:

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புரிந்தால் மற்றவை தானே அவிழும்.

கிளாஸ் என்பது வாட் கணக்கு இல்லை. சிக்னல் நன்றாக எட்டும் எல்லையைக் காட்ட வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றிப் போடும் வட்டத்தின் அளவு. அந்த வட்டத்தை எட்டப் பவர் ஒரு வழி, உயரம் ஒரு வழி. இன்றைய விதியில் ஒவ்வொரு கிளாஸுக்கும் அதிகபட்சப் பவர், அந்தப் பவருக்கான உயரம், கிடைக்கும் வட்டத்தின் ஆரம்:

ஏ: 6 கிலோவாட், 100 மீட்டர், 28 கி.மீ.
பி1, சி3: 25 கிலோவாட், 100 மீட்டர், 39 கி.மீ.
பி, சி2: 50 கிலோவாட், 150 மீட்டர், 52 கி.மீ.
சி1: 100 கிலோவாட், 299 மீட்டர், 72 கி.மீ.
சி0: 100 கிலோவாட், 450 மீட்டர், 83 கி.மீ.
சி: 100 கிலோவாட், 600 மீட்டர், 92 கி.மீ.

பி, பி1 இரண்டும் மண்டலம் 1, 1-ஏ பகுதிகளில் மட்டும் (வடகிழக்கு, பெரிய ஏரிகளை ஒட்டிய பகுதி, கலிபோர்னியாவின் பெரும்பகுதி, புவேர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகள்). மற்ற இடமெல்லாம் மண்டலம் 2, அங்கே சி குடும்பம். ஏ எல்லா மண்டலத்திலும் உண்டு.

இங்கே உயரம் என்பது டவரின் உயரம் இல்லை. சுற்றுவட்டார நிலத்தின் சராசரி மட்டத்துக்கு மேல் ஆன்டெனாவின் நடுப்புள்ளி எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான். வடக்கிலிருந்து 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டுத் திசையில் கோடு இழுத்து, 3 கி.மீ. முதல் 16 கி.மீ. வரை நில உயரத்தைச் சராசரி எடுப்பார்கள். குன்றின் மேல் 40 மீட்டர் கம்பம் நட்டாலே இந்தக் கணக்கில் 200 மீட்டர் வந்துவிடலாம். பள்ளத்தில் 150 மீட்டர் டவர் கட்டினாலும் 80 தாண்டாமல் போகலாம். பட்டியல்களில் தரையிலிருந்து உயரம், கடல்மட்டத்திலிருந்து உயரம், இந்தச் சராசரி உயரம் மூன்றும் கலந்து கிடக்கும். தாளில் மூன்றுக்கும் தனித்தனி பத்தி வையுங்கள்.

உயரம் வரம்பைத் தாண்டினால் வட்டம் பெருக்காதபடி பவரைக் குறைக்க வேண்டும். தோராயக் கணக்கு: உயரம் இரண்டு மடங்கானால் பவர் நான்கில் ஒன்று. உங்கள் நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். 100-ஐ 148-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.457. அதை 25-ஆல் பெருக்கினால் 11.4. ஆக அவர்கள் குறைவாக நிற்கவில்லை. சி3-க்கு உரிய 39 கி.மீ. வட்டத்தை முழுசாகப் பயன்படுத்துகிறார்கள்.

நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இருக்கும் எஃப்.எம். நிலையங்கள் பலவும் 6, 7 கிலோவாட்தான். பார்ப்பவர்கள் கிளாஸ் ஏ என்றே நினைப்பார்கள். 400 மீட்டருக்கு மேல் ஆன்டெனா நிற்பதால் அவை முழு கிளாஸ் பி. 50 கிலோவாட், 150 மீட்டருக்குச் சமமான வட்டம் அங்கே ஏழு கிலோவாட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

பழைய வால்வு:

எட்டு ரேடியல் சொன்ன வர்க்கக் கணக்கு ஏ, சி3, பி அளவுக்குச் சரியா வரும். சி1, சி0 உயரத்துக்குப் போனா அதை நம்பாதீங்க. வட்டத்தின் விளிம்பு அடிவானத்தை நெருங்கும்போது பவருக்கும் தூரத்துக்கும் உள்ள உறவே மாறிடும். எஃப்.சி.சி. தளத்திலேயே பரவல் வளைகோட்டுக் கணிப்பான் இருக்கு. பவர், உயரம் கொடுத்தா தூரம் சொல்லும், தூரம் கொடுத்தா பவர் சொல்லும். அதையே பயன்படுத்துங்க.

உங்க மூணு வரியும் ஒவ்வொரு விதிமாற்றத்தோட தழும்பு. வரிசையா சொல்றேன்.

அமெரிக்காவில் வணிக எஃப்.எம். 1941 ஜனவரியில் 42-50 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சுது. அழைப்புக்குறியிலேயே அலைவரிசை இருக்கும்: நாஷ்வில் நிலையம் டபிள்யூ47என்வி, அதாவது 44.7. 1945-ல எஃப்.சி.சி. மொத்தப் பட்டையையும் 88-108-க்குத் தூக்கி மாத்துச்சு. பழைய ரிசீவர் எல்லாம் அதோட வீண். 1949 ஜனவரியில் கீழ்ப்பட்டையை முழுசா மூடியாச்சு. மேல்பட்டைக்கு வந்த பிறகும் 1946, 47-ல் பல நிலையங்களுக்கு எண் திரும்பவும் மாத்திக் கொடுத்தாங்க. அதனால 1950-க்கு முந்தின பட்டியல்ல ஒரே நிலையத்துக்கு மூணு அலைவரிசை இருந்தா பயப்படாதீங்க. அந்தக் காலத்து ஏ 1 கிலோவாட், பி 20 கிலோவாட்.

இன்னைக்கு நாம பார்க்கிற அமைப்பு 1962-63-ல வந்தது. ஏ 3 கிலோவாட் 300 அடி, பி 50 கிலோவாட் 500 அடி, சி 100 கிலோவாட் 2000 அடி. எந்த ஊருக்கு எந்த அலைவரிசைன்னு ஒரு ஒதுக்கீட்டு அட்டவணையும் போட்டாங்க. வணிகப் பட்டையில் 80 சேனல். அதில் 20 சேனல் கிளாஸ் ஏ-க்கு மட்டும்: 92.1, 92.7, 93.5, 94.3, 95.3, 95.9, 96.7, 97.7, 98.3, 99.3, 100.1, 100.9, 101.7, 102.3, 103.1, 103.9, 104.9, 105.5, 106.3, 107.1. மீதி 60-ம் பி, சி-க்கு. சின்ன ஊர் நிலையங்கள் இன்னைக்கும் இந்த இருபதில் கூட்டமா இருக்கிறது இதனாலதான். உங்க 1975 வரி இந்த விதியோட அச்சு.

அடுத்து 1983, டாக்கெட் 80-90-ங்கிற எஃப்.சி.சி. விதிமாற்றக் கோப்பு. பி1, சி1, சி2 புதுசா வந்துச்சு. பி, சி சேனல்கள்லயும் கிளாஸ் ஏ நிலையம் போடலாம்னு திறந்துவிட்டாங்க. நாடு முழுக்க 689 புது ஒதுக்கீடு. சி-ன்னு பேர் வச்சிருந்தும் 100 கிலோவாட், 300 மீட்டர் எட்டாதவங்களுக்குச் சில வருஷம் அவகாசம், அதுக்குள்ள ஏறாதவங்க சி1, சி2-ன்னு இறக்கப்பட்டாங்க. அளவும் அடியிலிருந்து மீட்டருக்கு மாறுச்சு.

1989-ல சி3 வந்துச்சு. அதே வருஷம் கிளாஸ் ஏ 3-லிருந்து 6 கிலோவாட் ஆச்சு. உங்க இரண்டாவது வரி இது. 300 அடின்னா 91 மீட்டர்தான், ஆக 1975-க்கும் 1992-க்கும் நடுவுல ஆன்டெனா அசையல, டிரான்ஸ்மிட்டர் பவர் மட்டும் ஏறியிருக்கு. பவர் இரட்டிப்பாகியும் வட்டம் 24 கி.மீ.-லிருந்து 28-க்குத்தான் போச்சு. எல்லாருக்கும் 6 கிடைக்கவும் இல்லை. புது இடைவெளி விதிக்குப் பொருந்தாதவங்க 3 கிலோவாட்லயே நின்னாங்க, சிலர் இன்னும் நிக்கிறாங்க. பட்டியல்ல 3 கிலோவாட், 100 மீட்டர்னு பார்த்தா அது தட்டச்சுப் பிழை இல்லை.

2000-ல சி0, அதே வருஷம் 100 வாட் குறைதிறன் நிலையங்கள்.

கல்விப் பட்டைக்கு, அதாவது 88.1 முதல் 91.9 வரைக்கும், வேற கதை. 1948-லிருந்து 10 வாட் கிளாஸ் டி பள்ளி, கல்லூரி நிலையங்கள் நிறைய. 1978-ல பாதுகாப்பை எடுத்துட்டாங்க: 100 வாட்டுக்கு ஏறு, இல்லைன்னா இரண்டாம் தரம், யாராவது முழு நிலையம் வந்தா இடத்தைக் காலி பண்ணு. 1980-களில் கல்லூரி நிலையங்கள் திடீர்னு 100 வாட் ஆனதுக்கும், சிலது அலைவரிசை மாறுனதுக்கும் காரணம் இது.

அலைபிடிப்பான்:

மிகத் தெளிவு, நன்றி. ஒரு இடத்தில் முட்டுகிறது. 6 கிலோவாட்டிலிருந்து சி3 ஆகவேண்டும் என்றால் 92.1-லேயே ஆகியிருக்கலாமே? பிற்பாடு அந்தச் சேனல் ஏ-க்கு மட்டும் என்ற கட்டுப்பாடும் தளர்ந்துவிட்டது. 92.3-க்கு எதற்காக நகரவேண்டும்? வெறும் 0.2 தள்ளி உட்கார்வதில் என்ன லாபம்?

எட்டு ரேடியல்:

அந்த 0.2-ல்தான் எல்லாமே இருக்கிறது.

எஃப்.சி.சி. முதலில் பார்ப்பது நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை. கிளாஸ் ஜோடிக்கு ஒரு வரி, அதில் நான்கு எண்: ஒரே சேனல், பக்கத்துச் சேனல், இரண்டாம் மூன்றாம் சேனல், பிறகு 10.6 அல்லது 10.8 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பது. நமக்கு வேண்டியவை மட்டும், கிலோமீட்டரில்:

ஏ - ஏ: 115, 72, 31, 10
ஏ - சி3: 142, 89, 42, 12
சி3 - சி3: 153, 99, 43, 14
சி3 - சி: 237, 176, 96, 31

இப்போது 92.1-ஐப் பாருங்கள். 1963 முதல் ஏ-க்கு மட்டுமான சேனல். அன்றைய விதியில் இரண்டு ஏ நிலையங்களுக்கு நடுவே 65 மைல், அதாவது 105 கி.மீ. போதும். அதனால் அந்தச் சேனலில் 105, 110, 120 கி.மீ. தூரத்தில் வரிசையாக நிலையங்கள் அடைந்து கிடக்கின்றன. 92.1-லேயே சி3 ஆகவேண்டுமானால் அந்த ஏ-க்கள் 142 கி.மீ. தள்ளி இருக்கவேண்டும். இல்லை. கதவு சாத்தியாயிற்று.

92.3-க்கு நகர்ந்ததும் அதே 92.1 நிலையங்கள் ஒரே சேனல் என்ற கணக்கிலிருந்து பக்கத்துச் சேனல் கணக்குக்கு மாறுகின்றன. இப்போது தேவை 89 கி.மீ. மட்டும். 105-ல் இருப்பவர் தடையே இல்லை. பக்கத்துச் சேனலில் இருந்த ஒரே நெருக்கமான நிலையம் தாங்களேதான். தாங்கள் எழுந்து போவதால் அந்த இடமும் காலி.

92.3 பெரிய நிலையங்களுக்கான சேனலாக இருந்தது. அங்கே ஆட்கள் குறைவு, ஆனால் வட்டம் பெரிது. முழு கிளாஸ் சி ஒன்று 92.3-ல் 237 கி.மீ.க்குள்ளோ, 92.5-ல் 176 கி.மீ.க்குள்ளோ இருந்தால் கதை முடிந்தது. தெற்கு மாநிலங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி கிடைத்த ஊர்கள்தான் 1990-களில் இப்படி ஒரு படி தள்ளி உட்கார்ந்தன. உங்கள் பட்டியலில் 92.7-லிருந்து 92.5-க்கோ, 95.3-லிருந்து 95.5-க்கோ போனவர்களைத் தேடிப் பாருங்கள், ஒரே அச்சாக இருக்கும்.

கைக்கணக்காகச் சரிபார்க்க, 92.3 என்பது சேனல் 222 (88.1 என்பது 201, ஒவ்வொரு 0.2-க்கும் ஒன்று கூட்டுங்கள்). அப்படியானால் பார்க்கவேண்டியவை 219 முதல் 225 வரை, அதாவது 91.7-லிருந்து 92.9 வரை. கூடவே 53, 54 சேனல் மேலே உள்ள 275, 276, அதாவது 102.9, 103.1. கடைசி இரண்டைப் பலர் விட்டுவிடுவார்கள். ரிசீவரின் இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹெர்ட்ஸ். அந்த அளவு வித்தியாசத்தில் இரண்டு பலமான நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், ரிசீவரின் முன்பகுதியிலேயே கலந்து நேராக இடைநிலைக் கட்டத்துக்குள் புகுந்துவிடும். எந்த டியூனிங்கிலும் போகாது.

தூரம் கொஞ்சம் குறைந்தாலும் வழி உண்டு. 1989-லிருந்து, ஆன்டெனாவை ஒரு திசையில் அடக்கியோ பவரைக் குறைத்தோ, அடுத்தவர் வட்டத்தில் தலையிடவில்லை என்று நிரூபித்தால் ஏற்பார்கள். ஒரே சேனல் என்றால் 60 டிபியு (டிபியு என்பது சிக்னல் பலத்தின் அளவு) வட்டத்தின் விளிம்பில் நம் சிக்னல் 40-ஐத் தாண்டக்கூடாது, பக்கத்துச் சேனல் என்றால் 54-ஐ. பி நிலையத்துக்குப் பாதுகாப்பு 54 டிபியு வரை, பி1-க்கு 57 வரை, மற்ற எல்லோருக்கும் 60. தரவில் திசை ஆன்டெனா என்று குறி போட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு நிபந்தனை: உரிமம் பெற்ற ஊரின் மீது 70 டிபியு சிக்னல் விழவேண்டும். முழு ஏ-க்கு அது சுமார் 16 கி.மீ., முழு சி3-க்கு 23 கி.மீ. கிளாஸ் ஏறியதும் டவரை ஊரைவிட்டு 20 கி.மீ. தள்ளி, பெரிய நகரத்தின் பக்கமாக நடலாம் என்பது இதன் உள்ளர்த்தம். உங்கள் நிலையத்தின் 148 மீட்டர் டவர் பழைய இடத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள், நிற்காது என்றே நினைக்கிறேன்.

கோஆக்ஸ்:

0.2 நகர்வு காகிதத்துல சுலபம், டவர்ல என்ன ஆகும்னு சொல்றேன்.

எக்ஸைட்டர்ல, அதாவது அலைவரிசையை உண்டாக்குற பெட்டியில, எண்ணை மாத்தினா போச்சு, அது ஒரு நிமிஷ வேலை. வால்வு டிரான்ஸ்மிட்டர்னா கேவிட்டியை (வால்வைச் சுத்தி இருக்கிற ஒத்ததிர்வுக் கூடு) திரும்ப டியூன் பண்ணணும். பேண்ட்பாஸ் ஃபில்டர் இருந்தா அதையும், பல நிலையங்களை ஒரே ஆன்டெனாவில் இணைக்கிற கம்பைனர்ல சேர்ந்திருந்தா மொத்த அமைப்பையும் திரும்ப அளக்கணும். ஆன்டெனா பே-க்களுக்கு (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின அலகுகள்) நடுவுல ஒரு முழு அலைநீளம் இடைவெளி வச்சிருப்பாங்க. 92.1-க்கு 3.255 மீட்டர், 92.3-க்கு 3.248. வித்தியாசம் 7 மில்லிமீட்டர், கற்றை அதனால கோணாது. ஆனா நெருக்கமா டியூன் பண்ணின பழைய ஆன்டெனா 0.2 நகர்ந்தாலே டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வர்ற சக்தியைக் கூட்டிடும். எஸ்.டபிள்யூ.ஆர். (அப்படித் திரும்புற சக்தியைக் காட்டுற எண்) 1.1-ல இருந்தது 1.4 ஆனா டிரான்ஸ்மிட்டர் தானா பவரைக் குறைச்சுக்கும். உரிமத்துல 11.5-ன்னு இருக்கும், வானத்துக்குப் போறது அதைவிடக் கம்மி. 2, 3 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தா பழைய ஆன்டெனாவை மறந்துடுங்க.

அடுத்து, பட்டியல்ல இருக்கிற 11.5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் அளவு இல்லை. அது ஆன்டெனா ஆதாயமும் கேபிள் இழப்பும் சேர்த்த பிறகு வர்ற எண். வட்டமுனைவு ஆன்டெனாவில் 2 பே-க்கு ஆதாயம் சுமார் 1, 4-க்கு 2.1, 6-க்கு 3.2. ஒண்ணே முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவான ஃபோம் கேபிள், அதான் 1-5/8 சொல்வாங்களே, அது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.7 டெசிபெல் தின்னும். 150 மீட்டர் ஓட்டத்துக்கு 1.05, அதாவது 78.5 சதவீதம் மேலே போகுது.

4 பே: 11.5 வகுத்தல் (2.1 × 0.785) = சுமார் 7 கிலோவாட்.
6 பே: 11.5 வகுத்தல் (3.2 × 0.785) = சுமார் 4.6 கிலோவாட்.

ஆக ஆறு பே போட்டா 5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்லயே சி3 ஓடும். கரண்ட் பில்லுக்கு நல்லது. அதுக்கு மேல பே-யைக் கூட்டினா கற்றை ஒல்லியாகி, டவர் பக்கத்துல உள்ள ஊரைத் தாண்டி மேலேயே போயிடும். மலை உச்சின்னா அந்தத் தப்பு இன்னும் மோசம்.

பழைய பட்டியல்கள்ல சிலது டிரான்ஸ்மிட்டர் பவரையே நிலையத்தோட பவர்னு போட்டிருக்கும். 1 கிலோவாட், 5 கிலோவாட், 10 கிலோவாட்னு முழு எண்ணா வந்தா சந்தேகப்படுங்க. 11.5, 6.7, 2.85-ன்னு வந்தா அது கணக்குப் போட்டு வந்த எண்.

பழைய வால்வு:

மூணாவது கேள்வி, சி எப்படி சி0 ஆச்சு.

கிளாஸ் சி-க்கு 600 மீட்டர் உயரம் வரைக்கும் இடம் ஒதுக்கிப் பாதுகாக்கிறாங்க. ஆனா நிறைய சி நிலையம் 300, 350 மீட்டர்லயே வாழ்க்கையை ஓட்டுச்சு. கட்டாத டவருக்கு அக்கம்பக்கம் எல்லாம் வழிவிட்டு நிக்கணுமான்னு கேள்வி வந்து, 2000-ல எஃப்.சி.சி. கோட்டை 451 மீட்டர்ல போட்டுச்சு. அதுக்குக் கீழ இருக்கிறவங்க சி0.

தானா எல்லாரையும் இறக்கல. இன்னொரு நிலையம் கிளாஸ் ஏறவோ இடம் மாறவோ விண்ணப்பம் போட்டு, "இவர் சி0 ஆனா எனக்கு இடம் இருக்கு"-ன்னு காட்டணும். அப்போ இந்த நிலையத்துக்கு நோட்டீஸ் போகும். 30 நாளைக்குள்ள "நான் 451-க்கு ஏறப்போறேன்"-ன்னு பதில் சொல்லணும், சொன்னா 180 நாளைக்குள்ள அதுக்கான விண்ணப்பத்தைப் போடணும். வாயைத் திறக்கலைன்னா சி0. உங்க 320 மீட்டர் நிலையம் இப்படித்தான் இறங்கியிருக்கும். கேட்கிறவங்களுக்கு ஒரு துளி வித்தியாசம் கிடையாது. போனது, இனிமே ஏறலாம்கிற உரிமை மட்டும். அந்த விண்ணப்பம் யார் போட்டதுன்னு தேடுங்க, உங்க 92.3 மாதிரி ஒருத்தர் பக்கத்துலயே கிடைப்பார்.

எதிர்த்திசையிலயும் விசித்திரம் உண்டு. மிச்சிகன், கிராண்ட் ராபிட்ஸ், 93.7, டபிள்யூ.பி.சி.டி. கிளாஸ் பி, 320 கிலோவாட். பி-க்கு உச்சவரம்பு 50. 1962 விதிக்கு முன்னாடியே பெரிய பவர் வாங்கினவங்களை அப்படியே விட்டுட்டாங்க. மெம்பிஸ்ல 300 கிலோவாட் நிலையமும் இதே ரகம்தான். ஆனா மத்தவங்க இடைவெளி பார்க்கும்போது இவரைச் சாதாரண பி-யாத்தான் கணக்குல எடுப்பாங்க, 320-க்கு ஏத்த பாதுகாப்பு கிடையாது.

அலைபிடிப்பான்:

சரி, கடைசியாக முதல் கேள்வி. ஒரே நிலையம்தானா என்று உறுதி செய்வது எப்படி? இடையில் ஊர்ப்பெயரும் மாறியிருக்குமா?

எட்டு ரேடியல்:

அழைப்புக்குறியை வைத்துத் தேடாதீர்கள். அது உரிமையாளர் விருப்பத்துக்கு மாறும், விட்டதை இன்னொரு ஊர்க்காரர் எடுத்துக்கொள்வார். எஃப்.சி.சி. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு ஃபெசிலிட்டி எண் தந்திருக்கிறது. அழைப்புக்குறி, அலைவரிசை, கிளாஸ், ஊர், உரிமையாளர் எது மாறினாலும் அந்த எண் மாறாது.

எஃப்.சி.சி. தளத்தின் எஃப்.எம். தேடலில் இன்றைய 92.3-ஐப் போட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து விண்ணப்பங்களின் பட்டியலைத் திறந்தால் பின்னோக்கிப் போகலாம். கோப்பு எண்ணின் முன்னெழுத்தே பாதி கதை சொல்லும். பி.பி.ஹெச். என்றால் வணிக எஃப்.எம். கட்டுமான அனுமதி, பி.எல்.ஹெச். என்றால் கட்டிமுடித்தபின் உரிமம், பி.எம்.பி.ஹெச். என்றால் அனுமதியில் திருத்தம். கல்விப் பட்டைக்கு பி.பி.இ.டி., பி.எல்.இ.டி. பின்னால் வரும் எட்டு இலக்கம் விண்ணப்பம் போட்ட தேதி. இப்போதைய அமைப்பில் இதெல்லாம் போய் வெறும் தொடர் எண்.

1980-க்கு முந்தையதற்கு வரலாற்று அட்டைகள் இருக்கின்றன. பழைய அலுவலக அட்டைகளை ஸ்கேன் செய்து அதே ஃபெசிலிட்டி எண்ணோடு இணைத்திருக்கிறார்கள். தட்டச்சும் கையெழுத்தும் கலந்து, முத்திரை மேல் முத்திரையாக இருக்கும். 3 கிலோவாட் எப்போது வந்தது, முதல் அழைப்புக்குறி என்ன என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.

ஊர் மாறுவதும் நடக்கும். 2006 வரை அதற்கு ஒதுக்கீட்டு அட்டவணையைத் திருத்தச் சொல்லி மனுப்போட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும், நடுவில் யாராவது எதிர்மனு போட்டால் இன்னும் இழுக்கும். அதன்பிறகு ஒரே விண்ணப்பத்தில் முடிகிறது, நான்கு நிலையங்கள் வரை சங்கிலியாகச் சேர்ந்து போடலாம். கிராமத்து நிலையங்களைக் கிளப்பிக்கொண்டுபோய் நகரத்தை ஒட்டி இறக்குவது ரொம்ப அதிகமானதால் 2011-ல் கடிவாளம் போட்டார்கள். நகர்ப்பகுதியில் பாதிக்கு மேல் சிக்னல் விழுமானால், காகிதத்தில் எந்தக் குக்கிராமத்தின் பெயர் இருந்தாலும் அதை நகரத்துக்கான நிலையமாகவே எடைபோடுவார்கள்.

தானாக விரும்பாமல் அலைவரிசை மாறிய நிலையமும் உண்டு. ஒருவர் ஏறுவதற்காக இன்னொருவரை வேறு சேனலுக்கு நகர்த்த எஃப்.சி.சி.யால் முடியும். 1967-ல் சர்க்கிள்வில் வழக்கில் எஃப்.சி.சி. எடுத்த முடிவின்படி நகர்ந்தவரின் நியாயமான செலவை, அதாவது கருவி, பொறியாளர் கட்டணம், பெயர்ப்பலகை, புது எண்ணை நேயருக்குச் சொல்லும் விளம்பரம் எல்லாவற்றையும், லாபமடைந்தவர் கொடுக்கவேண்டும். கோப்பில் கிளாஸும் பவரும் மாறாமல் சேனல் மட்டும் மாறியிருந்தால் அக்கம்பக்கத்தில் யார் ஏறினார்கள் என்று பாருங்கள்.

கோஆக்ஸ்:

ஒண்ணு சேர்க்கிறேன், இங்க அடிக்கடி குழப்பம் வருது. இந்தியாவில் தனியார் எஃப்.எம்.-க்கு ஏ+, ஏ, பி, சி, டி-ன்னு சொல்றது நிலையத்தோட கிளாஸ் இல்லை, நகரத்தோட வகை. மக்கள்தொகையை வச்சு வர்றது: 20 லட்சத்துக்கு மேல ஏ, 10-20 பி, 3-10 சி, 1-3 டி. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஏ+. பவரும் நகர வகைக்கு ஒரு வரம்பு: ஏ+ 25-50 கிலோவாட், ஏ 10-30, பி 5-15, சி 3-10, டி 1-3. எழுத்து வரிசை அமெரிக்காவுக்கு நேர் தலைகீழ். அங்க ஏ-ன்னா பொடியன், இங்க ஏ-ன்னா பெரியவர். தாள்ல இரண்டு நாட்டையும் ஒரே பத்தியில் போட்டுடாதீங்க.

இங்க ஒரே ஊர் நிலையங்களுக்கு நடுவுல 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 படிக்கட்டு மாதிரி இருக்கிறது அதனாலதான். 104.8, 106.4, சமுதாய வானொலிக்கு 90.4-ன்னு கடைசி எண் இரட்டையாவும் வரும். அமெரிக்காவில் 88.1-லிருந்து 0.2 படியா ஏறுறதால ஒற்றை எண்லதான் முடியும். அமெரிக்கப் பட்டியல்ல 104.8 பார்த்தா அது டைப்பிங் பிழை.

எட்டு ரேடியல்:

தாளை முடிக்கும்முன் இரண்டு இடத்தில் கவனம். கட்டுமான அனுமதிக்கு மூன்று வருட ஆயுள். பலர் அனுமதி வாங்கிக் கட்டாமலே விட்டுவிடுவார்கள். தனியார் தொகுத்த பட்டியல்கள் அனுமதியில் உள்ள எண்ணையே நடப்பு எண்ணாகப் போட்டுவிடும். உங்கள் 11.5 கிலோவாட் உரிமத்தில் இருக்கிறதா, அனுமதியில் மட்டுமா என்று பாருங்கள். அனுமதி மட்டும் என்றால் நிலையம் இன்னும் 92.1-ல் 6 கிலோவாட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

டவர் இடம் மாறியதா என்று பார்க்க அட்சரேகை, தீர்க்கரேகையை ஒப்பிடும்போது, பழைய கோப்புகள் என்.ஏ.டி. 27 என்ற வட அமெரிக்க நில அளவையில், புதியவை அதற்குப் பின் வந்த என்.ஏ.டி. 83-ல். டவர் அசையாமலே சில பத்து மீட்டர் முதல் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம் என்றால் அதே டவர்.